மண்ணில் உள்ள நீரும் பயிருக்குக் கிடைக்கும் நீரும்

ஊருக்கு நீர் தரும் இடங்கள் எவை என்று கேட்டால், ஏரி, குளம், கிணறு, ஆற்றுக்கால் என்று நாம் வரிசையாகச் சொல்லுவோம். ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, கிணற்றில் எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பன ஊரில் எல்லோரும் அறிந்த கணக்குகள். ஆனால் இவற்றிலிருந்து வரும் நீர் கடைசியாகச் சென்று தங்கும் இடம் நம் காலடியில் உள்ள மண்ணே. பயிர் அங்கிருந்துதான் நீர் குடிக்கிறது. அந்த மண்ணாகிய நீர்த்தேக்கத்தின் கணக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை.

இக்கணக்கு இல்லாமையால் நேரும் நட்டம் சிறிதன்று. ஒரே வாய்க்காலில் ஒரே அளவு நீர் பெற்ற இரண்டு வயல்களில் ஒன்று செழிக்க, மற்றொன்று வாடுகிறது. வாடிய வயலின் சொந்தக்காரர் தமக்கு முறை சரியாக வரவில்லை என்று குறைப்படுகிறார். நீர் விட்டவர் மணிக்கணக்கைக் காட்டுகிறார். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வேறுபாடு மண்ணில் இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டை எண்களால் சொல்லும் கணித முறை ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளும் வகையில் இங்கே விளக்க முற்படுகிறோம். நெல் வயலில் நீர் தேங்கி நிற்பதால் அதன் கணக்கு வேறு. இங்கே கூறுவது தோட்டக்கால் பயிர்களுக்கும் புன்செய்ப் பயிர்களுக்கும் உரியது.

ஈரம் இருந்தும் வாட்டம்

முதலில் ஓர் உதாரணத்தைக் காண்போம். மணற்சாரி மண் உள்ள வயல் ஒன்று. கடுங்களி மண் உள்ள வயல் ஒன்று. இரண்டிலும் பயிரின் வேர் 60 சென்டிமீட்டர் ஆழம் வரை செல்வதாகக் கொள்வோம். மணற்சாரி வயலுக்கு நன்றாக நீர் பாய்ச்சி, மிகுதி வடிந்தபின் கணக்கிட்டால், அந்த 60 சென்டிமீட்டர் மண்ணில் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் நீர் இருக்கும். கடுங்களி வயலிலோ பயிர் முற்றிலும் வாடிப்போன நாளில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 162 மில்லிமீட்டர் நீர் இருக்கும். அதாவது, பயிர் வாடிய களிமண்ணில், அப்போதுதான் பாய்ச்சிய மணற்சாரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நீர் உள்ளது!

இந்த எண்கள், அமெரிக்க நாட்டு மண் மாதிரிகளிலிருந்து 1988-ஆம் ஆண்டில் கார்செல், பாரிஷ் என்னும் இருவர் வகுத்து வெளியிட்ட சராசரிகளைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. நம் ஊர் மண்ணில் எண்கள் சற்று மாறும், உண்மை மாறாது. களிமண்ணில் நீர் இருக்கிறது. ஆனால் பயிருக்குக் கிடைப்பதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி இதற்கு முற்றிலும் பொருந்தும். ஆகவே, மண்ணில் எவ்வளவு நீர் உள்ளது என்று அறிந்தால் மட்டும் போதாது. அந்த நீரை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

மண் நீரைப் பிடிக்கும் விதம்

மண் துகள்களுக்கு இடையே எண்ணற்ற சந்துகள் உள்ளன. அவை எல்லாம் நீரால் நிறைந்திருந்தால் மண் பூரித நிலையில் இருக்கிறது என்கிறோம். நீர் வடியத் தொடங்கியதும் பெரிய சந்துகளில் காற்று புகுகிறது. சிறிய சந்துகளில் நீர் எஞ்சி நிற்கிறது. பயிர் பெரும்பாலும் வாழ்வது காற்றும் நீரும் கலந்திருக்கும் இந்தப் பூரிதமடையாத மண்ணில்தான்.

விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மண்ணின் சந்துகளும் அவ்வாறே நீரைப் பற்றி நிற்கின்றன. சந்து எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு இறுகப் பற்றும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள சந்து, நீரை 30 சென்டிமீட்டர் உயரம் தாங்கும். நூறில் ஒரு பங்கு அகலமானால் 3 மீட்டர் உயரம் தாங்கும். இந்த உயரத்தையே அளவுகோலாகக் கொண்டு மண்ணின் பிடிப்பு விசையை அளக்கிறார்கள். பிடிப்பு 100 சென்டிமீட்டர் என்றால், 100 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சுவதற்கு வேண்டிய விசையை வேர் செலுத்த வேண்டும் என்பது பொருள்.

பெரும்பாலான பயிர்கள் ஏறத்தாழ 15,000 சென்டிமீட்டர், அதாவது 150 மீட்டர் அளவு பிடிப்பு வரை போராடி நீரை எடுக்கின்றன. இது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட உயரம். அதற்குமேல் வேரால் இழுக்க இயலாது. அந்த எல்லைக்கு வாடல் நிலை என்று பெயர். நன்றாகப் பாய்ச்சி, மிகுதி நீர் தானே வடிந்து நின்றபின் உள்ள நிலைக்கு வயல் கொள்திறன் என்று பெயர். மணற்பாங்கான மண்ணில் அது ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் பிடிப்பிலும், களிப்பாங்கான மண்ணில் ஏறத்தாழ 330 சென்டிமீட்டர் பிடிப்பிலும் அமைவதாகக் கொள்வது வழக்கம். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் உள்ள நீரே பயிருக்குக் கிடைக்கும் நீர்.

கணக்கு வளர்ந்த வரலாறு

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. அமெரிக்க விவசாய இலாகாவின் மண் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய எட்கர் பக்கிங்காம் என்னும் பௌதிக அறிஞர், மண் நீரைப் பிடிக்கும் விசையை ஓர் அளவாகக் கொண்டு கணக்கிடலாம் என்று 1907-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1912-ஆம் ஆண்டில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இருவர் பல்வகைப் பயிர்களை வளர்த்துப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட மண்ணில் அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ஈர அளவில் வாடுகின்றன என்று கண்டனர். வாட்டத்தின் எல்லையைப் பயிரைவிட மண்ணே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இதனால் விளங்கியது. பூரிதமடையாத மண்ணில் நீர் எவ்வாறு நகர்கிறது என்பதற்கான சமன்பாட்டை 1931-ஆம் ஆண்டில் லொரன்சோ ரிச்சர்ட்ஸ் வகுத்தார்.

இவற்றுக்கு அடுத்துத் தேவைப்பட்டது, பிடிப்பு விசை ஏற ஏற மண்ணில் நீர் எவ்வாறு குறைகிறது என்பதை எளிய வாய்ப்பாடாகச் சொல்லுவது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மண் மாதிரியின்மேல் படிப்படியாக விசையை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எஞ்சும் நீரைக் குறித்து, அப்புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். மணலின் வளைகோடு செங்குத்தாகச் சரியும். சிறிது இழுத்ததுமே நீர் முழுவதையும் விட்டுவிடும். களிமண்ணின் வளைகோடு மெல்லச் சரியும். கருமியைப்போல் சிறிது சிறிதாகவே நீரை விடும். 1964-ஆம் ஆண்டில் புரூக்ஸ், கோரி என்னும் இருவர் இவ்வளைகோட்டுக்கு ஒரு வாய்ப்பாடு தந்தனர். 1980-ஆம் ஆண்டில் வான் கெனுக்டன் என்னும் அறிஞர் தந்த வாய்ப்பாடு, பூரித நிலைக்கு அருகிலும் வளைகோட்டோடு இசைந்து வந்ததால் மிகவும் பரவியது. மண்ணில் நீரின் ஓட்டத்தைக் குறித்த அவருடைய பணிக்காக 2023-ஆம் ஆண்டில் விவசாயத் துறைக்கான உல்ஃப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்ப்போம்

இவ்வாய்ப்பாட்டுக்கு நான்கு எண்கள் வேண்டும். முதலாவது, மண் பூரிதமாக இருக்கையில் உள்ள ஈரம். இரண்டாவது, எவ்வளவு இழுத்தாலும் நீங்காது எஞ்சுவதாகக் கொள்ளும் ஈரம். மூன்றாவது, பெரிய சந்துகள் எவ்வளவு எளிதில் காலியாகத் தொடங்கும் என்பதைக் காட்டும் ‘ஆல்ஃபா’ என்னும் எண். நான்காவது, வளைகோடு எவ்வளவு செங்குத்தாகச் சரியும் என்பதைக் காட்டும் ‘என்’ என்னும் எண்.

களிகலந்த மண்ணுக்கு மேற்கூறிய அமெரிக்கச் சராசரிகள் முறையே 0.41, 0.095, 0.019, 1.31 ஆகும். வயல் கொள்திறனாகிய 330 சென்டிமீட்டர் பிடிப்பில் இம்மண்ணில் எவ்வளவு நீர் இருக்கும்? 330-ஐ 0.019-ஆல் பெருக்கினால் 6.27. அதனை 1.31 என்னும் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 11.08. ஒன்றைக் கூட்டினால் 12.08. இனி மற்றோர் அடுக்கு: 1-இலிருந்து, 1-ஐ 1.31-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கழித்தால் ஏறத்தாழ 0.237. 12.08-ஐ இந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1.80. ஒன்றை இதனால் வகுத்தால் 0.555. மண் விடக்கூடிய ஈரம் 0.41-இலிருந்து 0.095 போக 0.315, அதில் 0.555 பங்கு 0.175. எஞ்சும் ஈரமாகிய 0.095-ஐக் கூட்டினால் 0.27. அதாவது, நூறு பங்கு மண்ணில் 27 பங்கு நீர். 330-க்குப் பதிலாக 15,000 என்று போட்டால் 15 பங்கு வரும். இடையில் உள்ள 12 பங்கே பயிருக்கு உரியது.

கணக்குப்பொறி உள்ள கைப்பேசி ஒன்று இருந்தால், உயர்நிலைப் பள்ளி மாணவரும் இதனைப் போட்டுவிடலாம். நான்கு எண்களையும் ஒவ்வொரு வயலுக்கும் ஆய்வுக்கூடத்தில் கண்டறிய வேண்டும் என்பதும் இல்லை. மண்ணில் மணல், வண்டல், களி ஆகியவை நூற்றுக்கு எத்தனை பங்கு என்று தெரிந்தால் இவ்வெண்களை மதிப்பிட்டுத் தரும் ‘ரோசெட்டா’ என்னும் கணினி நிரல் 2001-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

வயலில் இதன் பயன்

இனி மூன்று மண்களையும் ஒப்பிடுவோம். 60 சென்டிமீட்டர் வேராழத்தில் பயிருக்குக் கிடைக்கும் நீர், மணற்சாரியில் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், களிகலந்த மண்ணில் 72, கடுங்களியில் 46. மிக நுண்ணிய களியைவிட நடுத்தர மண்ணே பயிருக்கு அதிக நீர் தருவதைக் கவனிக்க வேண்டும். கடுங்களியில் உள்ள நீரின் பெரும்பகுதி வேருக்கு எட்டாத பிடிப்பில் சிக்கியிருப்பதே இதற்குக் காரணம்.

வாடல் நிலை வரும்வரை காத்திருந்தால் விளைச்சல் குன்றும். கிடைக்கும் நீரில் பாதி செலவானதும் மறுபாய்ச்சல் செய்வது பல பயிர்களுக்கு ஏற்ற பொது விதி. பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். மணற்சாரியில் பாதி நீராகிய 17 மில்லிமீட்டர் மூன்று நாளில் தீர்ந்துபோகும். களிகலந்த மண்ணில் 36 மில்லிமீட்டர் ஏழு நாள் வரும். கடுங்களியில் 23 மில்லிமீட்டர் நான்கு நாளுக்குச் சற்று மேல் வரும். காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். எத்தனை நாள் காய்ச்சல், எவ்வளவு பாய்ச்சல் என்பதை ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியே சொல்லுவதே இந்தக் கணிதத்தின் பயன்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். மணற்சாரி வயலில் 17 மில்லிமீட்டருக்கு மட்டும் இடம் இருக்கும்போது, அடுத்த வயலுக்கு விட்டதுபோல் 36 மில்லிமீட்டர் விட்டால், 19 மில்லிமீட்டர் வேருக்குக் கீழே இறங்கிவிடும். அது ஏக்கருக்கு ஏறத்தாழ 77,000 லிட்டர். அதனை இறைக்கச் செலவான மின்சாரமும் வீண். அதனோடு கரைந்து இறங்கும் தழைச்சத்தும் வீண்.

நீர் முறையும் மண்ணும்

பொது வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்களில் இச்செய்தி மேலும் முக்கியமானது. எல்லோருக்கும் வாரம் ஒரு முறை, ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று வகுப்பதே நியாயம் என்று நாம் எண்ணுகிறோம். களிகலந்த மண்ணுக்கு அது பொருந்துகிறது. மணற்சாரி வயலிலோ நான்காம் நாள் முதல் பயிர் வருந்தத் தொடங்கி, ஏழாம் நாள் வாடல் நிலையை எட்டிவிடுகிறது. அளவில் சமமான பங்கீடு, பயனில் சமமாக இல்லை.

இதற்காக ஒருவர் பங்கைக் குறைத்து மற்றவர்க்கு மிகுதியாகத் தர வேண்டுவதில்லை. இரண்டு பயிர்களும் வாரத்தில் செலவழிக்கும் நீர் ஒன்றே, ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். மணற்சாரிக்குரிய பங்கை இரண்டாகப் பிரித்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தந்தால் போதும். மடை திறக்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்கால் நனைவதில் சிறிது நீர் கழியும் என்று சிலர் மறுக்கலாம். அது உண்மையே. ஆகவே, மணற்பாங்கான வயல்களை ஒரே கிளையில் தொகுத்து முறை வைப்பதும், அவ்வயல்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தை முதலில் கொண்டுவருவதும் தக்க வழிகள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமும் பஞ்சாயத்தும் கலந்து பேசினால் இதனை வழக்கு இன்றி முடித்துக்கொள்ளலாம். எதிரே ஒரு மண் கணக்கு இருந்தால், பேச்சு மனத்தாங்கலில் முடியாமல் அளவில் முடியும்.

கணக்கின் எல்லைகள்

எந்த வாய்ப்பாட்டுக்கும் எல்லை உண்டு. இவ்வாய்ப்பாடு மண்ணின் சந்துகள் உருமாறாமல் நிற்பதாகக் கொள்கிறது. நம் கரிசல் மண்ணோ நனைந்தால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். வெடிப்புகளின் வழியே முதல் மழை நேரே ஆழத்துக்கு இறங்கிவிடும். கோவில்பட்டி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை ஆழத்தில் சேமித்துக்கொண்டே மானாவாரிப் பருத்தியும் சிறுதானியங்களும் பயறு வகைகளும் விளைகின்றன. அத்தகைய மண்ணை 60 சென்டிமீட்டர் ஆழத்தோடும் அயல்நாட்டுச் சராசரியோடும் மட்டும் வைத்து மதிப்பிடலாகாது. அவ்வூர் மண்ணையே எடுத்துச் சோதித்தல் வேண்டும்.

மேலும், காய்ந்துகொண்டிருக்கும் மண்ணும் நனைந்துகொண்டிருக்கும் மண்ணும் ஒரே பிடிப்பில் ஒரே அளவு நீரைக் கொண்டிருப்பதில்லை. காயும் மண்ணில் சற்று மிகுதியாக இருக்கும். உவர் நீர் பாயும் இடங்களில், மண்ணின் பிடிப்போடு உப்பின் பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். அங்கே பயிர் கணக்குக்கு முன்னதாகவே வாடும். இவற்றை நினைவில் வைத்துக்கொண்டே எண்களைக் கையாள வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, மண்ணின் நயத்தை அறிதல். 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பேரூட்டம், நுண்ணூட்டம், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து முதலிய 12 இனங்கள் சோதிக்கப்படுகின்றன. மணல், வண்டல், களி ஆகியவற்றின் விகிதம் அவற்றில் அடங்கவில்லை. அதனை நாமே ஓரளவு கண்டறியலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றி நன்கு குலுக்கி வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் மணலும், சில மணி நேரத்தில் வண்டலும், ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துக் களியும் அடுக்கடுக்காகப் படியும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதம் தெரியும். ஊர்ப் பள்ளி மாணவர்களைக் கொண்டு வயல்தோறும் மண் எடுத்து, ஊரின் மண் நயப் படம் ஒன்றை வரைந்து பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டிவைக்கலாம்.

இரண்டாவது, பிடிப்பை அளத்தல். நீர் நிரம்பிய குழாயின் அடியில் நுண்துளைகள் உள்ள பீங்கான் முனையும், மேலே ஒரு மானியும் கொண்ட டென்சியோமீட்டர் என்னும் கருவி, மண்ணின் பிடிப்பை நேரே காட்டும். பிடிப்பு ஏறத்தாழ 800 சென்டிமீட்டர் வரையில்தான் அது வேலை செய்யும். பாசனப் பயிர்களுக்கு அது பெரும்பாலும் போதும். கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஈரப்பதங்காட்டும் கருவி, மண்ணில் உள்ள ஈரத்தின் நிலையை நான்கு நிற விளக்குகளால் காட்டுகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நீர் வேண்டும் என்பது பொருள். ஊருக்கு ஒன்றிரண்டு கருவிகளைப் பொதுவில் வைத்துக்கொண்டாலும் பயன் உண்டு.

மூன்றாவது, மண்ணைத் திருத்துதல். மணற்பாங்கான நிலத்துக்கு மக்கிய தொழுஉரமும், உரிய அனுமதி பெற்று எடுக்கும் ஏரி வண்டலும் இட்டால் நுண்சந்துகள் பெருகி, அது நீரைப் பிடித்துவைக்கும் நாட்கள் கூடும். வண்டலை யார் யாருக்கு முதலில் தருவது என்னும் கேள்வி எழும்போது மண் நயப் படமே வழிகாட்டும். மிகுந்த களியுள்ள நிலத்துக்குத் தொழுஉரம் நல்ல பொலபொலப்பைத் தரும். பாய்ச்சலுக்குப்பின் மேல்மண்ணைக் கொத்திவிடும் நம் பழைய வழக்கத்துக்கும் இதில் காரணம் உண்டு. உலர்ந்து பொலபொலத்த மேல்மண்ணின் வழியே அடி ஈரம் மேலேறுவது மிகவும் மெதுவாகவே நடைபெறும்.

ஏரியைத் தூர் வாரினால் அதன் கொள்ளளவு கூடுகிறது என்று நாம் மகிழ்கிறோம். ஊரின் ஒவ்வொரு வயலும் ஓர் ஏரியே. அதன் கொள்ளளவையும் மடையையும் அறிந்து நடந்தால், புதிதாக ஒரு சொட்டு மழையும் பெய்யாமலே, இருக்கும் நீரைக் கொண்டு பயிரைக் காக்கலாம். அடுத்த பாசனப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊர் மண்ணைப் புட்டியில் இட்டுப் பார்த்து இக்கணக்கைத் தொடங்குமாயின், வாய்க்கால் கரையில் எழும் வழக்குகள் குறையும். வயலில் விளைவு கூடும்.